விண்வெளி படிக்க வயலை ஈடு வைக்கலாமா?

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஓர் ஊரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 26. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின், இலத்திரனியல் பொறியியல் படித்து, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்தவர். 20 மாதமாகத் தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் ஒப்பந்த வேலை. அப்பா 2009இல் இறந்துவிட்டார். அம்மா மூன்று ஏக்கர் வயலை வைத்து இவரையும் தம்பியையும் வளர்த்தார். தம்பி இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர், இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். விண்வெளி விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் மூன்றும் சேர்ந்த படிப்பாம். படித்து முடித்தால் நாசாவில் பயிற்சி, பிறகு வேலை. மொத்தச் செலவு ஒரு கோடியே நாற்பது இலட்சம் ரூபா. இடம் பிடிக்க மூன்றரை இலட்சம் முற்பணம், அது திருப்பித் தரப்படாது. வயலை ஒரு நெல் வியாபாரியிடம் ஈடு வைத்தால் முப்பத்தைந்து இலட்சம் வரும். ஜேர்மனியில் இருக்கும் மாமா நாற்பது இலட்சம் கடனாகத் தருவார். மிச்சத்தை அங்கே போய் உழைத்துக் கட்டலாம் என்று முகவர் சொல்கிறார். வங்கிக் கணக்கில் காட்டவேண்டிய காசையும் அவரே ஒரு மாதத்துக்குப் போட்டுத் தருவாராம்.

“அக்கா, அம்மா சரி என்று சொல்லிவிட்டா. ஆனால் அந்த வயல்தான் எனக்குச் சீதனம், அதுதான் எங்களுக்குச் சோறு. சித்தப்பா கலியாணத்தை முடித்துவிட்டுப் போகட்டும் என்கிறார். கிளிநொச்சிக் கம்பஸ் பட்டத்தை வெளியில் மதிப்பார்களா, சின்ன வயதில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தது விசாவுக்குத் தடையா என்றும் பயமாக இருக்கிறது. முற்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். கடைசியில், ஒட்டவைத்தது போல ஒரு பந்தி: இறுதியாண்டில் சிநேகிதியோடு சேர்ந்து இரண்டு அலுமினியக் கம்பியில் அன்ரெனா செய்து, விடுதி மாடியில் வைத்து, நோவா-19 காலநிலைச் செய்மதி அனுப்பிய படத்தை நேரடியாகப் பிடித்தார்களாம். “அது சும்மா விளையாட்டுக்குச் செய்தது” என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்தப் பத்து நாளை மறந்துவிடுங்கள். முற்பணத்தைக் கட்ட வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் காசு, அரைப் பக்கம் அன்ரெனா. நான் வாசித்தது அந்த அரைப் பக்கத்தைத்தான், இரண்டு தரம். ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர், இரண்டுக்கும் இடையில் 120 பாகை, ஒரு யு.எஸ்.பி ரேடியோ டொங்கிள், பழைய மடிகணினி. செய்மதி அடிவானத்தில் எழுந்து மறையும் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்குள் 137.1 மெகாஹேட்ஸில் அது பாடுவதைப் பிடித்து, வரி வரியாகப் படமாக்கியிருக்கிறீர்கள். “முதல் தரம் வெறும் மணல் மாதிரித்தான் வந்தது, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்ததுதான் பிழை என்று நாலாவது நாள்தான் விளங்கியது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நல்ல பல்கலைக்கழகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் பேராசிரியர் தேடுவது இதைத்தான். முகவர் தயாரித்த உங்கள் நோக்க அறிக்கையையும் இணைத்திருந்தீர்கள். அதில் “சிறுவயதிலிருந்தே நட்சத்திரங்களை நேசித்தேன்” என்று இருக்கிறது, அன்ரெனாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாசா என்ற சொல்லைப் பற்றி

விண்வெளித்துறை மற்றத் துறைகளைப் போல இல்லை. ரொக்கட்டும் ஏவுகணையும் ஒரே குடும்பம் என்பதால், இந்தத் துறையில் முதலில் கேட்கப்படுவது பட்டமல்ல, கடவுச்சீட்டு. அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் செய்மதித் தொழில்நுட்பத்தின் பெரும் பகுதியையும் தொடுகின்றன. அதனால் அங்கே ரொக்கட், செய்மதிக் கம்பனிகளின் பெரும்பாலான வேலைகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும், அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும்தான். நாசாவின் நிரந்தர வேலைக்குக் குடியுரிமையே வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை பெரும்பாலும் தன் உறுப்பு நாட்டவர்களைத்தான் எடுக்கும், இலங்கை உறுப்பு நாடு அல்ல. இஸ்ரோ இந்தியக் குடிமக்களுக்கு. இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்துவிட்டு இலங்கைக் கடவுச்சீட்டோடு நாசாவுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் துறை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி, துருவப் பாதைக்கு ஏவப்படும் ரொக்கட்டுகள் இலங்கைக்கு மேலால் போகக்கூடாது என்பதால் கடலில் வளைந்து போகின்றன. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது என்பதற்காகத்தான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் இன்னோர் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் வைத்தார்கள். விண்வெளி எங்களைச் சுற்றித்தான் போகிறது, எங்களூடாகப் போவதில்லை என்று நான் மாணவர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு.

அதற்காகக் கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்தக் கதவு என்பதுதான் கேள்வி. செய்மதி அனுப்பும் சமிக்ஞையைப் பிடிப்பது, தரை நிலையங்கள், செய்மதித் தொடர்பாடல், செய்மதிப் படங்களிலிருந்து தகவல் எடுப்பது, பல்கலைக்கழகங்களில் கட்டப்படும் சிறு செய்மதிகள் ஆகியவற்றில் எங்கள் கடவுச்சீட்டோடு நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1 ஒரு பத்துச் சென்ரிமீற்றர் பெட்டி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கட்டிய தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே இருவரும் ஜப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்த இலங்கைப் பொறியியலாளர்கள். 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அது வெளியே விடப்பட்டது. பெரிய அமைப்பு எதிலும் வேலை கிடைத்த பிறகு அவர்கள் அதைச் செய்யவில்லை. படிப்பே அந்த வேலையாக இருந்தது.

விஞ்ஞானமா, பொறியியலா, முகாமைத்துவமா?

மூன்றும் ஒரே பட்டத்தில் கிடைக்கும் என்று கேட்கும்போது இலாபமாகத்தான் தெரியும். இந்தச் சேர்க்கை பொய்யல்ல. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் இயங்கும் சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகம் 1987இல் தொடங்கியதே இந்த எண்ணத்தில்தான்: ஒரு பொறியியலாளரும் ஒரு வழக்கறிஞரும் ஒரு வைத்தியரும் ஒரே மேசையில் இருந்து ஒரு திட்டத்தைப் போடவேண்டும். ஆனால் அந்த மேசைக்கு ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு கைத்தொழிலோடு வந்தால்தான் பேச்சு நடக்கும். எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர்களாக வந்தால் தேநீர் குடித்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

விண்வெளி விஞ்ஞானம் என்பது சூரியக் காற்று, மேல் வளிமண்டலம், கோள்கள் என்று போகும் பௌதிகம். அதில் முதுமாணி பாதி வழி, கலாநிதிப் பட்டம் வரை போனால்தான் வேலை. அதற்கு ஐந்தாறு வருடம் ஒதுக்க நீங்கள் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எனக்குத் தெரியவில்லை.

முகாமைத்துவம் உங்களுக்கு இப்போது வேண்டாம். அது கெட்ட படிப்பு அல்ல. அலைவரிசைகளையும் சுற்றுப்பாதை இடங்களையும் நாடுகள் எப்படிப் பங்கிடுகின்றன, ஏவுதலுக்குக் காப்புறுதி எப்படி, ஒரு செய்மதி விழுந்து சேதம் வந்தால் எந்த நாடு பொறுப்பு, இதெல்லாம் அதில் வரும். செய்மதி இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2024இல் இலங்கையில் அனுமதி கொடுக்கும்போது இந்த அறிவுள்ளவர்கள்தான் மேசையில் இருந்திருக்கவேண்டும். ஆனால் 26 வயதில், முகாமை செய்ய ஒரு திட்டமும் கையில் இல்லாமல் அதைப் படிப்பது, மாடு வாங்குமுன் தும்புக் கயிறு முறுக்குவது போன்றது. எட்டுப் பத்து வருடத்தில் படியுங்கள், அப்போது உங்கள் நிறுவனமே கட்டணம் கட்டும்.

ஆகவே பொறியியல். அதிலும் செய்மதித் தொடர்பாடல் அல்லது ராடார் வழித் தொலையுணர்வு, அதாவது செய்மதியிலிருந்து நிலத்தை அளப்பது. ஏன் ராடார் என்கிறேன்? 2018 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இரணைமடு வான்கதவுகள் திறந்த அந்த இரவு. அப்படியான நாட்களில் சாதாரணச் செய்மதிப் படத்தில் தெரிவது வெள்ளை முகில் மட்டும்தான். சென்டினல்-1 போன்ற ராடார் செய்மதி தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும். முகிலும் இருட்டும் அதற்குத் தடையில்லை. தேங்கிய தண்ணீர் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். அந்தப் படங்களை ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் திட்டம் யாருக்கும் இலவசமாகத் தருகிறது. அன்ரெனா, சமிக்ஞை, இரைச்சல் எல்லாம் தெரிந்த இலத்திரனியல் பொறியியலாளருக்கு இது சொந்த வீட்டுக்குப் போவது மாதிரி. இங்கே திரும்பினாலும் நீர்ப்பாசனத் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், இடர் முகாமைத்துவ நிலையம், வளிமண்டலவியல் திணைக்களம் என்று அந்த வேலை தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. மொறட்டுவை கட்டுபெத்தையில் விண்வெளித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகம் இருக்கிறது. பதவிகள் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். ஆனாலும் “விண்வெளி படித்தவர்” என்று விண்ணப்பிப்பவரைவிட “வெள்ளத்தைப் படத்தில் அளக்கத் தெரிந்தவர்” என்று விண்ணப்பிப்பவருக்கு இடம் அதிகம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மிச்சத்தை உழைத்துக் கட்டலாம் என்ற வரிக்கு வருவோம். வயல் முப்பத்தைந்து, மாமா நாற்பது, மொத்தம் எழுபத்தைந்து. குறைவது அறுபத்தைந்து இலட்சம். இங்கிலாந்தில் மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மணித்தியாலத்துக்குச் சுமார் 12 பவுண் என்று வைத்தால் கிழமைக்கு 240 பவுண், மாதம் ஆயிரத்தைத் தொடும். வாடகை, சாப்பாடு, பஸ் போக மிஞ்சுவதில் அறுபத்தைந்து இலட்சம் கட்டமுடியாது. அதற்கு மேலே வேலை செய்தால் விசா நிபந்தனையை மீறியதாகும். எங்கள் ஆட்கள் “எல்லாரும் செய்யினம்” என்பார்கள். பிடிபட்டவர்கள் அதைச் சொல்ல ஊருக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் பாரதூரமானது. வங்கியில் காட்டும் காசு 28 நாள் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. அதற்குத்தான் முகவர் “ஒரு மாதத்துக்குப் போட்டுத் தருகிறேன்” என்கிறார். உங்களுடையதல்லாத காசை உங்களுடையது என்று காட்டி, அதை ஏமாற்று என்று அவர்கள் முடிவுசெய்தால் விசா மறுப்போடு நிற்காது. பத்து வருடம் வரை அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கமுடியாமல் போகலாம். பிறகு வேறு நாட்டு விண்ணப்பங்களிலும் “முன்பு மறுக்கப்பட்டதா?” என்ற கட்டம் வரும். கையெழுத்து உங்களுடையது. முகவர் பெயர் எங்கும் இருக்காது.

அவர் “அரசாங்கப் பதிவு பெற்றவர்” என்று எழுதியிருந்தீர்கள். சுவரில் தொங்குவது என்னவென்று ஒருதரம் கிட்டப்போய் வாசியுங்கள். அநேகமாக அது வியாபாரப் பெயர்ப் பதிவாக இருக்கும். கொத்துரொட்டிக் கடைக்கும் அதே பதிவுதான். எனக்கும் ஒரு கதை உண்டு. நான் முதல் தரம் விண்ணப்பித்தபோது ஒரு முகவர் நான் கேட்ட தொடர்பாடல் பொறியியலுக்குப் பதிலாக, தனக்குத் தரகு கிடைக்கும் கல்லூரியில் வேறொரு படிப்புக்கு அனுப்பிவிட்டார். அனுமதிக் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. முற்பணம் போனது போனதுதான், ஒரு வருடமும் போனது. பல்கலைக்கழக விண்ணப்பம் என்பது நீங்களே இணையத்தில் நிரப்பக்கூடிய ஒரு படிவம். ஒரு கோபுரத்தின் பழுதறிக்கை எழுதுவதைவிட அது கஷ்டமில்லை.

அந்த மூன்று ஏக்கர்

காணியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்: “அப்பாவின் பெயரில் பெர்மிற் இருக்கிறது.” எனக்குப் பதைத்தது இந்த வரியில்தான்.

வன்னியில் பெரும்பாலான வயல்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணிகள். உறுதிக் காணி போல அவற்றை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஈடும் குறிப்பிட்ட வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களுக்குத்தான். ஒரு நெல் வியாபாரியிடம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கும் ஈடு சட்டத்தின் முன் செல்லாது. செல்லாவிட்டால் எங்களுக்கு நல்லதுதானே என்று யாராவது சொல்வார்கள். இல்லை. வியாபாரி நீதிமன்றத்துக்குப் போகமாட்டார், வயலில் இறங்குவார். நீங்கள் லண்டனில் இருக்கும்போது, தம்பிக்கு இருபது வயதில், அம்மா தனியாக அந்த வரம்பில் நின்று பேசவேண்டி வரும். நிபந்தனையை மீறினீர்கள் என்று அனுமதிப்பத்திரமே கேள்விக்குள்ளாகும் ஆபத்தும் உண்டு.

அதற்கு முதல், அனுமதிப்பத்திரம் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் பின்னுரித்தாளராக யாரையாவது பெயர் குறித்திருந்தாரா, அம்மா பெயருக்கு மாற்றப்பட்டதா? இதைப் படிப்பு விஷயத்தோடு சேர்க்காமல், நீங்கள் எங்கேயும் போனாலும் போகாவிட்டாலும் செய்து முடியுங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் இவற்றோடு பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைப் பாருங்கள். நான் கல்வி ஆலோசகர், சட்டத்தரணி அல்ல. காரியம் சிக்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனை தருவார்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ கையெழுத்து வைக்கப்போகும் விஷயத்தை அவவே கேட்கட்டும்.

வயலைத் தொடாமல் போகும் வழிகள்

இங்கிலாந்துதான் வேண்டுமென்றால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது. கட்டணம், விமானச் சீட்டு, இருப்புச் செலவு எல்லாம் அடங்கும். இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், எனக்கு 20 மாதம்தானே என்று நீங்கள் தாளைத் திருப்பியிருப்பீர்கள். அவர்கள் எண்ணுவது மணித்தியாலத்தை, 2,800 மணித்தியாலம். கிழமைக்கு 40 வைத்துப் பார்த்தால் 70 கிழமை. நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் முற்பகுதியில் மூடும். மூன்று படிப்புகளைத் தெரிவுசெய்யவேண்டும், தலைமைத்துவம் பற்றியும் எதிர்காலத் திட்டம் பற்றியும் கட்டுரை எழுதவேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதை மாமாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வெளியே போனால் அங்கேயே நிற்கிறதுதானே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். கொமன்வெல்த் புலமைப்பரிசிலையும் பாருங்கள்.

ஜப்பானை நான் உங்களுக்கு முதல் இடத்தில் வைப்பேன். இராவணா-1 கட்டப்பட்ட அதே கியூஷு நிறுவகத்தில் விண்வெளிப் பொறியியல் ஆங்கிலத்தில் படிக்கலாம். ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தோடு சேர்ந்து வளரும் நாட்டவர்களுக்கென்று சிறு செய்மதித் தொழில்நுட்பத்தில் பட்டமேற்படிப்புப் புலமைப்பரிசில் ஒன்றையும் அவர்கள் நடத்துகிறார்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, போட்டி கடுமை. தனியே, கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக மெக்ஸ்ட் அரசுப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம், 35 வயதுக்குக் கீழே இருந்தால் போதும். இரண்டுக்கும் முன்னால் அங்கே ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதவேண்டும். அந்த மின்னஞ்சலின் முதல் வரியில் அலுமினியக் கம்பி இருக்கட்டும்.

அப்புறம் ஜேர்மனி. மாமா அங்கே இருக்கிறார் என்பதை நீங்கள் கடனாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அங்கே பல அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, தவணைக்கு ஒரு சிறு தொகைதான். ஸ்ருட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குத் தவணைக்கு 1,500 யூரோ. மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இப்போது முதுமாணிக்குத் தவணைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை எடுக்கிறது. பிறேமன், வூர்ட்ஸ்பேர்க், ஸ்ருட்கார்ட், மியூனிச் நான்கிலும் செய்மதி, புவி அவதானிப்பு சார்ந்த முதுமாணிப் படிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாணவர் விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கிய வங்கிக் கணக்கில் காட்டவேண்டும். அதற்குப் பதிலாக, அங்கே போதிய வருமானத்தோடு இருக்கும் ஒருவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் “இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு” என்று உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்திட்டுத் தரலாம். நாற்பது இலட்சம் கடனைவிட மாமாவின் அந்த ஒரு கையெழுத்து பெறுமதியானது. பாரமும்தான். நீங்கள் அங்கே அரச உதவி எடுத்தால் அவரிடம் அறவிடுவார்கள், ஆகவே அவர் யோசிக்க அவகாசம் கொடுங்கள். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாத வதிவிட அனுமதி கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் வரிசையில் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் கொப்பர்னிக்கஸ் முதுமாணியை ஒருதரம் பாருங்கள், செய்மதிப் படங்களோடுதான் அதன் வேலை. பிறகு எப்போதாவது அரச திணைக்களம் ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தால், டெஹ்ராடூனில் ஐ.நா.வோடு இணைந்த ஆசிய பசுபிக் விண்வெளிக் கல்வி நிலையத்தை ஞாபகம் வைத்திருங்கள். ஒன்பது மாதப் பட்டமேற்படிப்புகள், தொலையுணர்வு டெஹ்ராடூனிலும் செய்மதித் தொடர்பாடல் அகமதாபாத்திலும். இலங்கை அதன் ஆளுகைச் சபையில் இருக்கும் நாடு. வேலை செய்யும் நிறுவனம் பெயர் குறித்து அனுப்பவேண்டும் என்பதால் இப்போதைக்கு அது உங்களுக்குப் பொருந்தாது.

மற்ற இரண்டு பயங்கள்

கிளிநொச்சிக் கம்பஸ் என்று நீங்கள்தான் குறைத்துச் சொல்கிறீர்கள். பட்டச் சான்றிதழில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். வெளியே இருப்பவர் பாடங்களையும் புள்ளிகளையும் பார்ப்பார், ஏ9 வீதியில் எத்தனையாவது கட்டையில் பீடம் இருக்கிறது என்று பார்க்கமாட்டார். நான்கு வருடமும் ஆங்கிலத்தில் படித்ததற்குப் பீடத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள், சில இடங்களில் அது ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிலாக நிற்கும்.

முகாம் விஷயம். 2009இல் உங்களுக்குப் பத்து வயது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தது குற்றமும் அல்ல, கைதும் அல்ல. படிவத்தில் கைது, தண்டனை, இராணுவச் சேவை என்று கேட்டால் உங்களுக்கு நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். வதிவிடம் கேட்டால் அந்த மாதங்களை மறைத்து வேறு விலாசம் போடவேண்டாம். இதைக் காட்டிப் பயமுறுத்தி, “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மேலதிகமாகக் காசு கேட்ட முகவர்களைப் பற்றியும் எனக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

கலியாணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சித்தப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சீதனக் காணியை ஈடு வைத்துவிட்டுக் கலியாணம் எப்படிப் பேசுவது? அவருக்கும் பதில் இருக்காது. புலமைப்பரிசில் வழியில் போனால் வயல் வயலாகவே இருக்கும், அவர் விரும்பினால் பேச்சைத் தொடரட்டும்.

இனி வரும் மாதங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சிறுபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள் அல்லவா? அந்தக் கணக்கைக் கமக்கார அமைப்பிடம் கேட்டு வாங்குங்கள். அதே மாதங்களின் சென்டினல் படங்களை இறக்கி, உண்மையில் எத்தனை ஏக்கர் பச்சையாகியது என்று நீங்களே அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு பக்க அறிக்கை எழுதுங்கள். வரம்பில் நடந்து ஐம்பது இடத்திலாவது சரிபார்க்க உங்களால் முடியும், மியூனிச்சில் இருக்கும் மாணவரால் முடியாது.

விடுதி மாடியில் பிடித்த அந்தப் படக் கோப்பைத் தேடி எடுங்கள். நோவா-19 2025 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது, அதை இனி யாரும் பிடிக்கமுடியாது. ரஷ்யாவின் மெற்றியோர் செய்மதிகள் இன்னும் அதே 137 மெகாஹேட்ஸ் பக்கம் பாடுகின்றன, அதே கம்பி போதும். இந்தமுறை திகதி, நேரம், செய்மதி எந்தத் திசையில் எத்தனை பாகை உயரத்தில் போனது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்த பிழையையும் சேர்த்து.